காலி என்று நான் சொன்ன எருமை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று பண்ணையில் கேட்டார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகவே போவோம்.

மடியை எப்படிக் கழுவுவது, எப்படிக் கறப்பது, தவிடு எவ்வளவு, பிண்ணாக்கு எவ்வளவு என்பதெல்லாம் இதில் இருக்காது. அது ஒரு மாதத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். வராதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். முப்பத்திரண்டு வருடம் எருமைகளுக்கு நடுவில் நின்றவள் நான். என் கைக்குக் கறந்த அளவு வேறு ஒரு கைக்கும் எங்கள் தபேலாவில், அதாவது எருமைக் கொட்டகையில், கறந்ததில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எருமையை எப்போது சினைக்கு விடுவது என்ற விஷயத்தில் நான் செய்த தப்பு உங்களுக்குத் தெரிய வேண்டும். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தபேலா பம்பாயில் பாண்டுப்பில் இருந்தது. இருபத்து நாலு எருமைகள் இரண்டு வரிசையாக நிற்கும், மேலே தகரக் கூரை. கறந்த பால் கேனில் ஏறி மாட்டுங்காவுக்குப் போகும். கிங்ஸ் சர்க்கிளில் காப்பிக் கடைகளும், கெட்டித் தயிர் இல்லாமல் சாப்பாட்டை முடிக்காத வீடுகளும்தான் எங்கள் வாடிக்கை. நான் தாராவியிலிருந்து வந்து போவேன்.

அந்த நாளில் பம்பாய்த் தபேலாக்களின் வழக்கம் ஒன்று உண்டு. ஈன்ற எருமையாகப் பார்த்து குஜராத்திலிருந்து வாங்கி வருவார்கள். கடைசிச் சொட்டு வரைக்கும் கறப்பார்கள். வற்றியதும் லாரியில் ஏற்றி விற்றுவிடுவார்கள். அந்த லாரி எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் அடுத்த வாரம் புது எருமை நிற்கும். நான் சேர்ந்து பல வருடம் வரைக்கும் எங்கள் தபேலாவில் எந்த எருமையும் இரண்டாவது கன்று போட்டதில்லை.

பிறகு புது எருமையின் விலை ஏறிப்போனது. எங்கள் முதலாளி சேட் யோசித்தார். நல்ல கறவையை ஏன் விற்கவேண்டும், இங்கேயே சினைப்படுத்தி வைத்துக்கொண்டால் என்ன என்றார். என்னைக் கூப்பிட்டு, "மௌசி, எந்த எருமையைக் கடாவிடம் விடவேண்டும், எப்போது விடவேண்டும், எல்லாம் நீ சொல்வதுதான்" என்றார். மௌசி என்றால் சித்தி. அவர் இந்தியில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

எனக்குக் கறக்கத் தெரியும். சினை விஷயம் தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. "சரி சேட்" என்றேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எருமை சினையானால் பால் குறையும். அது பொய்யில்லை. ஆனால் குறைவது சினை ஐந்து மாதத்தைத் தாண்டிய பிறகு. கடா சேர்ந்த மறுநாளே குறையும் என்று நான் நினைத்திருந்தேன். பருவத்துக்கு வருகிற அன்றைக்கு எருமை சரியாகச் சுரக்காது, ஒரு வேளை பால் கம்மியாகும். அதையும் பார்த்துவிட்டு, நான் நினைத்தது சரிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

என்னோடு கறந்தவன் செல்லத்துரை. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. சாணி அள்ளிக் கொட்டகை கழுவுகிறவள் வேலம்மா, அவளும் தாராவிதான். அவளுக்கு வாய் இருப்பதே பாதி நாள் தெரியாது.

அந்த வருடம் கணபதிப் பண்டிகைக்கு முன்னால் ஈன்ற ஓர் எருமை இருந்தது. என்னைத் தவிர யாரையும் மடியில் கை வைக்க விடாது. செல்லத்துரை அதற்கு மேடம் என்று பேர் வைத்திருந்தான். தீபாவளி நெருங்கும்போது அது பருவத்துக்கு வந்து கத்தியது.

"யக்கா, மேடம் கத்துதாவ, கேக்கலியா? ஈனி ரெண்டு மாசம் தாண்டிட்டுல்லா. பக்கத்துத் தபேலாவுல கடா நிக்கி. கூட்டிட்டுப் போவட்டா?"

"பதினாலு லிட்டர் குடுக்குத எருமய இப்பப் போயி கடாகிட்ட விடுவாங்களா? நாளைக்கு ஏழு லிட்டர்ல வந்து நிக்கும். கிங்ஸ் சர்க்கிள் கடைக்காரனுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"கடா என்ன, பாலக் குடிச்சிட்டாக்கா போவும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒன் வேல கறக்குதது. மத்தத நான் பாத்துக்கிடுதேன். வாய மூடிட்டு உக்காரு."

எல்லோரும் கேட்க அதைச் சொன்னேன். அது அவன் ஒருவனுக்குச் சொன்னது என்று நான் நினைத்தேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

மேடம் மட்டும் இல்லை. அந்த மழை முடிந்த நாட்களில் இன்னும் நாலு எருமைகள் கத்தின. ஒவ்வொன்றுக்கும் வந்து சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த மாதம் என்றேன். தீபாவளி இனிப்புக்குப் பால் வேண்டும், கல்யாண மாதத்துக்குப் பால் வேண்டும். கேன் நிறைந்து போனது. சேட் என்னைப் புகழ்ந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் தாராவியில் வீட்டோடு இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மேடம் அமைதியாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பாலும் குறையவில்லை. தை மாதம் மற்றவை எல்லாம் கத்தின, மேடம் கத்தவில்லை. மாசியிலும் கத்தவில்லை.

"பாத்தியா, இதுக்குப் பேருதான் எருமை. எவ்வளவு அடக்கமா இருக்கு" என்று செல்லத்துரையிடம் சொன்னேன்.

"ஆமாக்கா. ரொம்ப அடக்கம்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பங்குனியில் வெயில் ஏறியது. எருமைக்கு வெயில் ஆகாது, உங்களுக்குத் தெரியும். கறுத்த தோல், மேலே தகரம். பால் இறங்க ஆரம்பித்தது. இப்போது கடாவிடம் விடலாம் என்று பார்த்தேன். ஒன்றும் கத்தவில்லை. அந்த நாலையும் பக்கத்துத் தபேலாவுக்கு ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினோம். கடா மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குளிர்காலத்தில் ஊரைக் கூட்டிக் கத்துகிற எருமை வெயிலில் பருவத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். வெளியே தெரியவே தெரியாது. இதை நான் அறிந்தது அப்போதுதான்.

மேடத்தை மட்டும் ஓட்டிக்கொண்டு போகவில்லை. அதுதான் மாசியிலேயே கத்தாததாயிற்றே, அதற்குக் கருப்பையில் ஏதோ கோளாறு என்று எனக்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன்.

சித்திரையில் எல்லோருக்கும் மோர் வேண்டும், லஸ்ஸி வேண்டும், கட்டித் தயிர் வேண்டும். எங்களிடம் பால் இல்லை. வாடிக்கையை விடக்கூடாது என்று சேட் வெளியில் பால் வாங்கி ஊற்றினார். நமக்கு விலை கிடைக்கிற நேரத்தில் நம் எருமைகள் வற்றி நிற்கின்றன, அவற்றுக்குத் தீனியும் போகிறது. மே மாதக் கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மௌசி, பால் இறங்கி, சினையும் இல்லாமல் நிற்பது எத்தனை?"

நான் வரிசையில் நடந்தேன். இது, இது, இது, இது என்று நாலைத் தொட்டேன். ஐந்தாவதாக மேடத்தின் முதுகில் கை வைத்தேன்.

"அஞ்சு, சேட். காலி."

டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று அவர் கேட்கவில்லை. மௌசி சொன்னால் சொன்னதுதான். மறுநாளே லாரி வந்துவிட்டது.

காலைக் கறவை முடிந்திருந்தது. பெரிய வண்டிகளை ரோட்டில் விடாத நேரம் தொடங்குவதற்குள் கிளம்பவேண்டும் என்று மாட்டுத் தரகர் கத்திக்கொண்டிருந்தார். நாலு எருமைகளை செல்லத்துரை மளமளவென்று அவிழ்த்து ஏற்றினான். ஐந்தாவதாக மேடத்திடம் போனான். போனவன் குனிந்த இடத்திலேயே நிற்கிறான்.

"என்னல செய்யுத?"

"முடிச்சு இறுகிட்டுக்கா."

நாலு முடிச்சு அவிழ்த்த கைக்கு ஐந்தாவது முடிச்சு வரவில்லையா? திரும்பிப் பார்த்தேன். வேலம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி அசையாமல் நிற்கிறாள். நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் மேடத்தைச் சரியாகப் பார்த்தேன். அதுவரைக்கும் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். லாரியில் நின்ற நாலும் விலா தெரிய நின்றன. இதன் தோல் மினுமினுவென்று இருந்தது. அந்த நாலின் பால் வெயில் வந்ததும் சடாரென்று இறங்கியது. இதன் பால் நன்றாக நின்று, இந்தக் கொஞ்ச நாளாகத்தான் குறைகிறது. அதோடு தையிலும் மாசியிலும், ஒவ்வொரு எருமையும் கத்துகிற காலத்தில், இது வாயே திறக்கவில்லை. குளிரில் கத்தாத எருமை என்றால் ஏன் என்று கேட்கவேண்டும். நான் அடக்கம் என்று மெச்சினேன்.

"செல்லத்துரை, நான் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போயிருந்தப்ப இது கத்துச்சா?"

கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கத்துனாவ."

"நீ என்ன செஞ்ச?"

"நீங்க திட்டுவீய."

"திட்டத்தான் செய்வேன். சொல்லு."

"பக்கத்துக் கடாகிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒரே ஒரு தடவ. சினை நின்னுச்சா நிக்கலியான்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"லாரி வந்து நிக்குத வரைக்கும் வாயத் தொறக்கலியே, பாவி!"

"நீங்க காலின்னு சொன்ன பெறவு நான் என்னத்தச் சொல்ல?"

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. எருமைக்குக் காய்ச்சல், இன்றைக்கு வேண்டாம் என்று சேட்டிடம் ஒரு பொய் சொல்லலாம். நம்பியிருப்பார். என் சொல்லும் கெடாது. சினையாக இருந்தால் பிறகு மெதுவாகத் தெரிய வரட்டும் என்று விட்டுவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் காய்ச்சல் என்றால் சேட் அடுத்த வாரம் இன்னொரு லாரியைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். நான் காலி என்று சொன்ன சொல் அப்படியே நிற்கும். அது நிற்கிற வரைக்கும் அந்த எருமைக்கு உயிர் இல்லை.

சேட்டிடம் போனேன். "சேட், நான் சொன்னது தப்பு. மேடம் சினையா இருக்கலாம்."

"இருக்கலாமா? நேற்று காலி என்றாயே?"

"நேத்து யாரையும் கேக்காமச் சொன்னேன். இன்னைக்குக் கேட்டுட்டுச் சொல்லுதேன். டாக்டரக் கூப்பிடுங்க."

தரகர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். சேட் என்னையே பார்த்தார்.

"டாக்டரும் காலி என்று சொன்னால்?"

"அப்ப இந்த வரிசையில எந்த எருமையப் பத்தியும் இனிமே நான் பேச மாட்டேன். கறக்குதத மட்டும் செய்யுதேன்."

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்தத் தபேலாவில் என் சொல்லைத் தவிர எனக்குச் சொந்தம் என்று வேறு எதுவும் இல்லை.

சேட் போனை எடுத்தார். தரகருக்கு ஒரு டீ சொன்னார். பிறகு இன்னொன்று சொன்னார். செம்பூரிலிருந்து ஒரு டாக்டரம்மா ஸ்கூட்டரில் வரவேண்டும். என் மகள் வயதுதான் இருக்கும், மராத்திக்காரப் பெண். நான் செல்லத்துரையிடமும் வேலம்மாவிடமும், லாரியில் நிற்கிற நாலில் எதையாவது கடாவிடம் விட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றான் செல்லத்துரை. "அதெல்லாம் கத்துனப்ப நீங்க இருந்தீயல்லா."

டாக்டரம்மா வந்தார். தோள் வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார். கொட்டகையில் எருமை அசைபோடுகிற சத்தம்தான் கேட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பாஞ்ச் மஹினே" என்றார். ஐந்து மாதம்.

கையைக் கழுவிக்கொண்டே, "நல்ல நேரத்தில் விட்டிருக்கிறீர்கள். யார் பார்த்து விட்டது?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "செல்லத்துரை" என்றேன். வெளியே நின்ற லாரிக்காரனுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"யக்கா, திட்டுததா இருந்தா இப்பவே திட்டிருங்க" என்றான் அவன். "எப்ப திட்டுவீயளோன்னு நிக்க முடியல."

டாக்டரம்மாவும் சிரித்தார். சேட் மட்டும் சிரிக்கவில்லை. அவர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரகர் பின்கதவைச் சாத்தினார். நாலு எருமைகளோடு லாரி போய்விட்டது. அவற்றைக் கெடுத்தது வெயில் இல்லை. கத்தினபோது விட்டிருந்தால் அவையும் ஆறு மாத, ஏழு மாதச் சினையோடு வரிசையில் நின்றிருக்கும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டவள் நான்.

கிளம்பும்போது டாக்டரம்மா ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை. "மௌசி, ஈன்றபின் இரண்டு மாதம் பொறுங்கள், கருப்பை ஆறட்டும். மூன்றாம் மாதம் கத்தினால் விட்டுவிடுங்கள். ஒரு மாதப் பாலைக் காப்பாற்றப் போய் ஒரு வருடப் பாலை விடுகிறீர்கள்." வயதில் சின்னவர். எனக்கு அதுவரை யாரும் அப்படி நேராகச் சொன்னதில்லை. நான் சொல்லவிட்டால்தானே.

அன்று மத்தியானக் கறவைக்கு எல்லோரும் வந்தபோது சொன்னேன். "இந்த வரிசையில யாரு எதப் பாத்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க. நான் திட்டுனாலும் சொல்லுங்க."

மூன்று நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் உடனே பேசிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பல வருடம் மூடிய வாய்.

நாலாம் நாள் காலையில் வேலம்மா கூடையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"மைனி."

"சொல்லு."

"கடைசியில நிக்குத குட்டைக்கொம்பு இருக்குல்லா. கத்தல. ஆனா அது படுத்து எந்திச்ச எடத்துல கண்ணாடி மாதிரி கோழை கெடந்துச்சு. இப்பத்தான் பாத்தேன். கழுவிருவமான்னு நெனச்சேன். பெறவு, சொல்லிட்டுக் கழுவுவோம்னு வந்தேன்."

போய்ப் பார்த்தேன். ஈரத் தரையில் ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு மாதிரி கிடந்தது. வெயிலில் வெளியே தெரியாத பருவம் என்றேனே, அது தரையில் தெரிந்தது. நாங்கள் மடியைப் பார்க்கிறவர்கள். தரையைப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். குட்டைக்கொம்பு மாசிக் கடைசியில் ஈன்றது, சரியாக மூன்று மாதம் ஆகியிருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். அன்றைக்கே வந்து சினை ஊசி போட்டுவிட்டுப் போனார்.

மேடம் தீபாவளியை ஒட்டி ஈன்றது, கிடேரிக் கன்று. குட்டைக்கொம்பு அடுத்த சித்திரையில் ஈன்றது. மாட்டுங்கா முழுக்கத் தயிருக்கு அலைகிற மாதத்தில், மற்றத் தபேலாக்காரர்கள் தண்ணீர்ப்பாலைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதத்தில், எங்களிடம் இளங்கறவை நின்றது. சேட் அந்த வருடம் வெளியில் பால் வாங்கவில்லை. அதிலிருந்து ஒன்றிரண்டு எருமைகளாவது வெயில் காலத்தில் ஈனுகிற மாதிரி பார்த்துப் பார்த்து விட்டோம். தபேலாவும் நின்றது. லாரி வருவதும் குறைந்தது. எங்களுக்கு அதில் லாபம் வந்தது அப்படித்தான்.

கிங்ஸ் சர்க்கிள் கடைக்காரர் ஒரு நாள் தபேலாவுக்கே வந்துவிட்டார். இந்த வெயிலில் இவ்வளவு பால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வந்தாராம். சேட் என்னைக் கை காட்டினார். நான் வேலம்மாவைக் கூப்பிட்டேன். முழங்கை வரைக்கும் சாணியோடு வந்து நின்றாள். "இவ பாத்துச் சொன்னதுதான்" என்றேன். அவர் கும்பிட்டார். இவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் போனபிறகு, ஒரு வருடமாகக் கேட்கத் தைரியம் இல்லாமல் இருந்ததை அவளிடம் கேட்டேன்.

"வேலம்மா, லாரியில போச்சே நாலு. அதுகளுக்கும் அந்தச் சித்திரையில கீழ அந்தக் கோழையப் பாத்தியா?"

அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"ரெண்டுக்குப் பாத்தேன் மைனி."

பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த எருமைக்குப் போனாள். நான் அவள் பின்னாலேயே போய், அவள் கழுவுவதற்கு முன்னால் தரையைப் பார்த்தேன்.